புரோட்டானுக்கு முன்னால் ஓர் ஆஞ்சியோகிராம்

மூளையில் ரத்தக்குழாய்கள் சிக்கிக்கொண்டு கிடப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொன்ன வீட்டுக்கு, அழுகை ஓய்வதற்குள் யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். "மெட்ராஸ்ல புரோட்டான் மெஷின் வந்திருச்சாம் மாமா. புதுசாம். கத்தியே வைக்க வேணாமாம், ஒரே நாள்ல கருக்கிருவாங்களாம். காசு கூடத்தான், ஆனா உசுரு முக்கியமில்லையா?" இப்படிச் சொல்ல எல்லாச் சொந்தத்திலும் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். உடையார்பாளையம், ஆண்டிமடம் பக்கம் என்றால் அடுத்த பேச்சு முந்திரிக்காடு ஏக்கர் என்ன விலை போகும் என்பதுதான்.

அந்த யோசனையில் ஒன்று உண்மை: மெஷின் வந்துவிட்டது. சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் அதுவே முதல். நவி மும்பையில் டாடா நினைவு மையமும் பிறகு தொடங்கியது. இரண்டுமே புற்றுநோய்க்காகக் கட்டப்பட்டவை. குழந்தைகளின் மூளைக்கட்டிக்கும் தண்டுவடத்தை ஒட்டிய கட்டிக்கும் புரோட்டான் செய்யும் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏ.வி.எம். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் ரத்தக்குழாய்ச் சிக்கல் புற்றுநோய் அல்ல. அதற்குப் புரோட்டான்தான் புதியது, அதுவே ஆபத்தில்லாதது, அதுவே உடனே முடிவது, விலை கூடுதலாக இருப்பதே அதன் தரத்துக்குச் சாட்சி என்று பரவியிருக்கும் எண்ணம் அடிமுதல் நுனிவரை தவறு.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். எங்கள் பக்கத்து ஏரியான பொன்னேரியின் மதகில் கிளம்பும் தண்ணீர் வாய்க்கால், வயல் என்று பிரிந்து வேகம் தணிந்து பாய்ந்த பிறகுதான் வடிகாலுக்குப் போக வேண்டும். நடுவில் வயலே இல்லாமல் மதகை வடிகாலோடு நேரே இணைத்துவிட்டால் கரை எத்தனை நாள் தாங்கும்? மூளையில் தமனிக்கும் சிரைக்கும் இடையே இருக்க வேண்டிய நுண்குழாய் வலை இல்லாமல், இரண்டும் ஒரு முடிச்சில் நேரடியாகக் கலந்துகொள்வதுதான் ஏ.வி.எம். அழுத்தம் தணியாத ரத்தம் மெல்லிய சிரைகளில் மோதுகிறது. சிலருக்கு வலிப்பு வருகிறது, சிலருக்குத் தலைவலி, சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் ஒருநாள் திடீரென்று ரத்தக்கசிவு. இது பக்கவாதம் வரும் வயதுக்காரர்களின் நோயும் அல்ல. இருபதிலிருந்து நாற்பதுக்குள் இருப்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. கசியும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 என்பது பொதுவான கணக்கு. ஒருமுறை கசிந்தவருக்கு அடுத்த சில ஆண்டுகளில் அது இன்னும் கூடும்.

இனி 'புதுசு' என்ற வாதத்துக்கு வருவோம். மண்டையைத் திறக்காமல் பல திசைகளிலிருந்து கதிரை ஒரே புள்ளியில் குவிக்கும் யோசனையை ஸ்டாக்ஹோம் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல் வெளியிட்டார். எக்ஸ்ரேயில் தொடங்கியவர், அதே பத்தாண்டில் இயற்பியலாளர் போர்யே லார்சனோடு சேர்ந்து உப்சாலாவில் புரோட்டானுக்குப் போய்விட்டார். அப்போது ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் புரோட்டானை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-இல் எழுதியிருந்தது பழைய செய்தி. லெக்செல் புரோட்டானோடு தங்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் ராட்சத இயந்திரத்தை நம்பி ஒரு மருத்துவமனை நடத்த முடியாது என்று கண்டு, கோபால்ட்-60 துண்டுகளை ஒரு தலைக்கவசத்தைச் சுற்றி வைத்து, அத்தனை கதிரையும் ஒரே புள்ளியில் சந்திக்க வைத்தார். 1968-இல் வந்த அந்தக் கருவிதான் காமா நைஃப். 1970-இல் லாடிஸ்லாவ் ஸ்டைனர் அதில் முதல் ஏ.வி.எம். நோயாளிக்குச் சிகிச்சை தந்தார். ஆக, இந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்தவரே புரோட்டானைச் சோதித்துப் பார்த்து ஒதுக்கிவிட்டு எளிய வழிக்கு வந்தவர். நம் மாப்பிள்ளை புதுசு என்று சொல்வது அவர் ஒதுக்கியதை.

அமெரிக்காவில் புரோட்டானை விடாமல் பிடித்துக்கொண்டவர் பாஸ்டனின் ரேமண்ட் கேல்பெர்க். ஹார்வர்டு இயற்பியலாளர்கள் 1949-இல் கட்டிமுடித்த சைக்ளோட்ரானில் 1965 முதல் ஏ.வி.எம். நோயாளிகளுக்குக் கதிர் கொடுத்தார். 75 பேரின் அனுபவத்தை 1983-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார். முதல் பன்னிரண்டு மாதங்களில் இருவர் ரத்தக்கசிவில் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு உயிரைப் பறிக்கும் கசிவு இல்லை என்பது அவர் வாதம். குழாய்ச்சுவர் தடித்தாலே போதும், முடிச்சு முழுக்க அடைபட வேண்டியதில்லை என்று அவர் நம்பினார். குறைந்த அளவு கதிர், பெரிய பெரிய முடிச்சுகள். பெரும்பாலோருக்கு முடிச்சு முழுமையாக அடைபடவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. பாதி அடைபட்ட ஏ.வி.எம். பாதுகாப்பானது அல்ல என்பதே இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட நிலை.

பெர்க்லியில் ஹீலியம் அயனிகளைக் கொண்டு செய்த வேலைதான் துகள் கட்சிக்காரர்களின் மிகப் பெரிய ஆயுதம். 86 பேர், 1990-இல் அதே இதழில் வந்தது. ஓராண்டில் 29 சதவீதம், இரண்டாண்டில் 70, மூன்றாண்டில் 92 சதவீதம் முடிச்சுகள் முழுக்க அடைபட்டன. காமா நைஃப்பில் மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும் முடிச்சுகளில் நூற்றுக்கு எழுபது, எண்பது அடைபடுவதாகத்தான் சொல்வார்கள். அப்படியானால் 92 பெரிதுதானே? கட்டுரையின் அடுத்த பத்தியையும் படிக்க வேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மூளையில் கடுமையான பாதிப்பு ஏற்பட்டது. அவை எல்லாமே கதிரின் உச்ச அளவைக் குறைப்பதற்கு முன் சிகிச்சை பெற்றவர்களுக்கு வந்தவை. அதாவது, அளவைக் கூட்டினால் முடிச்சு அடைபடும், மூளையும் வாடும். குறைத்தால் மூளை பிழைக்கும், முடிச்சும் பிழைத்துக்கொள்ளலாம். இந்தக் கயிறு இழுப்பில் துகளின் பெயருக்கு வேலை கிடையாது. அதே பெர்க்லி கணக்கில் சிறிய முடிச்சுகள் ஏறக்குறைய எல்லாம் அடைபட்டன, பெரியவை அந்த அளவுக்கு அடைபடவில்லை. காமா நைஃப்பிலும் அதே கதைதான். அந்த ஹீலியம் இயந்திரம் 1980-களின் பிற்பகுதியிலேயே நின்றுபோனது. ஹார்வர்டு சைக்ளோட்ரான் 2002-இல் மூடப்பட்டது. பாஸ்டனில் பின்னால் இன்னும் நல்ல கருவிகளோடு புரோட்டான் பெற்ற 248 பேரின் கணக்கு 2014-இல் வந்தது. முழுக்க அடைபட்டவை ஏறத்தாழ 65 சதவீதம். அதற்கு எடுத்த காலத்தின் நடுமதிப்பு 31 மாதம். மோசமான கணக்கு அல்ல. காடு விற்கச் சொல்லும் கணக்கும் அல்ல.

புரோட்டானுக்கு வாதாடுகிறவர்கள் கடைசியில் இயற்பியலில்தான் அடைக்கலம் தேடுவார்கள். எக்ஸ்ரேயும் காமாவும் தலையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் உள்ளே போய், ஓர் ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். 1904 வாக்கில் அடிலெய்டில் வில்லியம் ஹென்றி பிராக் கண்ட உச்சம் அது. உண்மைதான், அழகான உண்மை. ஆனால் ஒரு சிறிய முடிச்சுக்கு இது எவ்வளவு உதவும்? ஆழத்தில் நிற்பது ஒரு திசையின் நன்மை. பக்கவாட்டில், மூளைத் திசுவைக் கடந்து போகும் புரோட்டான் கற்றை சிதறி அகலும். ஆழம் கூடக் கூட அதன் ஓரம் மங்கும். ஏறத்தாழ இருநூறு மெல்லிய காமா கற்றைகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து சந்திக்கும் புள்ளியின் ஓரம் அதைவிடக் கூராக இருப்பது உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. புரோட்டான் எங்கே நிற்கும் என்பது சி.டி. ஸ்கேனை வைத்துப் போடும் கணக்கு. அதில் சில சதவீதப் பிழைக்கு எப்போதும் இடம் விட வேண்டும். ஏற்கனவே குழாய் வழியாகப் பசை செலுத்தி அடைத்த முடிச்சு என்றால், அந்தப் பசையில் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் கலந்த டான்டலம் உலோகத்தூள் சி.டி. படத்தையே கோடுகோடாக்கிவிடும். நிற்க வேண்டிய இடம் நகரும். காமாவுக்கு இந்தத் தலைவலி மிகக் குறைவு.

ரஷ்யாவின் கச்சினாவில் 1975-இல் தொடங்கிய புரோட்டான் சிகிச்சையை ஏ.வி.எம்.களுக்கும் கொடுத்துவந்தார்கள். அங்கே இருந்த இயந்திரத்தின் புரோட்டான்கள் தலையைத் துளைத்து வெளியே போய்விடும் அளவுக்கு வேகமானவை. அவர்கள் அந்த உச்சத்தைப் பயன்படுத்தவே இல்லை. லெக்செல் மாதிரி, பல கோணங்களிலிருந்து குறுக்கே செலுத்தினார்கள். நின்றுவிடுவதுதான் புரோட்டானின் மகிமை என்றால் கச்சினாக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முடிச்சு பெரிதாக, ஆழமாக, ஒழுங்கற்று இருந்து, நோயாளி குழந்தையாகவும் இருந்தால், மூளையின் மற்ற பகுதிகளுக்குப் போகும் கதிரைக் குறைப்பதில் புரோட்டானுக்கு மெய்யான இடம் இருக்கிறது. அந்த முடிவை நரம்பு அறுவை மருத்துவரும் குழாய்வழிச் சிகிச்சை நிபுணரும் கதிர் மருத்துவரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டும். சொந்தக்காரர் கைபேசியில் வீடியோ பார்த்து எடுக்கக் கூடாது.

'ஒரே நாள்' என்பதுதான் இவற்றில் மிகக் கெடுதல் செய்யும் பொய். கதிர் கொடுப்பது ஒரே நாள்தான். முடிச்சு அன்று அப்படியே இருக்கும். யாரும் எதையும் கருக்குவதில்லை. கதிர் பட்ட குழாயின் உட்சுவர் செல்கள் காயம்பட்டு, சுவர் மெல்ல மெல்லத் தடித்து, துவாரம் சுருங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைபட இரண்டு, மூன்று ஆண்டாகும். காமா, எக்ஸ்ரே, புரோட்டான், ஹீலியம் எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. அதுவரை கசியும் ஆபத்து போய்விடாது. பெர்க்லியின் 86 பேரில் பத்துப் பேருக்குச் சிகிச்சைக்குப் பின் 4 முதல் 34 மாதத்துக்குள் கசிந்தது. இடையில் சிலருக்கு மூளை வீக்கம் வரலாம், ஸ்டீராய்டு தேவைப்படலாம். வெகு ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் நீர்க்கட்டி வருவதும் உண்டு. கல்யாணமான புதிதில் இருக்கும் பெண் என்றால், முடிச்சு அடைபட்டது உறுதியாகும் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம். மூன்று ஆண்டு! நம் ஊரில் மூன்று மாதத்திலேயே விசேஷம் உண்டா என்று கேட்க ஆரம்பித்துவிடும் அத்தைமார்களிடம் இதை யார் விளக்குவது? ஒரே நாளில் முடிந்தது என்று நினைத்து வலிப்பு மாத்திரையை நிறுத்துகிறவர்களும், எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகாமல் விடுகிறவர்களும் இந்தப் பொய்யின் பலிகள்தான்.

உண்மையில் ஒரே நாளில் முடியக்கூடிய சிகிச்சை ஒன்று இருக்கிறது. எல்லோரும் பயந்து ஓடும் கத்திதான் அது. முடிச்சு மூன்று சென்டிமீட்டருக்குள், மூளையின் மேற்பரப்பில், பேச்சு, கைகால், பார்வை சார்ந்த பகுதிகளுக்குத் தள்ளி இருந்து, அதன் சிரை மேலோட்டமாகவே வடிந்தால், 1986-இல் ஸ்பெட்ஸ்லரும் மார்ட்டினும் வகுத்த ஐந்து படிநிலைகளில் அது முதல் படி. அனுபவமுள்ள கையில் அதை வெட்டி எடுத்துவிட்டால் கசியும் அபாயம் அன்றோடு தீர்ந்தது. மூன்று ஆண்டு காவல் கிடையாது. இதற்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-இலும் தொடங்கிய நரம்பு அறுவைத் துறைகள் நம்முடையவை. கதிர் அறுவைக்கு அடிப்படையான, தலையில் சட்டம் பொருத்தி மூளைக்குள் ஒரு புள்ளியை அளந்து அடையும் ஸ்டீரியோடாக்டிக் வித்தையையும் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் 1960-களிலேயே சென்னை அரசு மருத்துவமனையில் செய்துகொண்டிருந்தார்கள். கத்தி இல்லாதது எல்லாம் உயர்ந்தது என்று நினைக்கும் நாம், அந்தக் கத்தி யார் கையில் எவ்வளவு தேர்ந்திருந்தது என்பதை மறந்துவிட்டோம்.

இன்னொரு பக்கம், ஒன்றும் செய்யாமல் இருப்பதும் சில நேரம் ஒரு சிகிச்சை. இது யாருக்கும் பிடிக்காத பேச்சு. கசியாத ஏ.வி.எம். உள்ள 223 பெரியவர்களை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த அரூபா என்ற ஆய்வை 2013-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2014-இல் லான்செட்டில் வந்த கணக்கு: வலிப்புக்கும் தலைவலிக்கும் மருந்து மட்டும் கொடுத்தவர்களில் மரணமோ பக்கவாதமோ நேர்ந்தது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு. அறுவை, பசை, கதிர் என்று ஏதேனும் செய்யப்பட்டவர்களில் 31 பேருக்கு. பார்த்த காலம் சராசரியாக 33 மாதம்தான், அறுவை செய்யப்பட்டவர்கள் குறைவு என்று மருத்துவ உலகம் அந்த ஆய்வோடு இன்றும் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் நியாயமும் இருக்கிறது. ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வைத்தால் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அடுத்த நாற்பது ஆண்டில் ஒருமுறையாவது கசியும் வாய்ப்பு எழுபது சதவீதம். அறுபத்தைந்து வயதுத் தாத்தாவுக்கு அடுத்த பதினைந்து ஆண்டில் நாற்பதைத் தொடாது. முன்னவருக்குக் காத்திருப்பது ஆபத்து. பின்னவருக்கு அவசரப்படுவது ஆபத்து. இருவருக்கும் ஒரே மெஷினைக் காட்டுகிறவர் யாருக்கும் நல்லது சொல்லவில்லை.

இங்கே ஒரு கோபமான கேள்வி வரும். எனக்குப் பழக்கமான கேள்வி. "பணக்காரனுக்குப் புரோட்டான், உடையார்பாளையத்தானுக்கு மாத்திரையா? ஏழைக்கு உயர்ந்த வைத்தியம் வேண்டாம் என்கிறாயா?" நேர்மாறாகச் சொல்கிறேன். உயர்ந்தது எது என்பதை விலைச்சீட்டைப் பார்த்து முடிவு செய்யும்போதுதான் ஏழை ஏமாறுகிறான். ஏ.வி.எம்.மில் எல்லா முடிவுக்கும் அச்சாணி ஒரே பரிசோதனை: தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசி போட்டு, மெல்லிய குழாயை மூளைத் தமனி வரை கொண்டுபோய், சாயம் செலுத்தி எடுக்கும் டி.எஸ்.ஏ. ஆஞ்சியோகிராம். எந்தத் தமனி ஊட்டுகிறது, எந்தச் சிரை வடிக்கிறது, முடிச்சுக்குள் வீங்கிய பை இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெளிவாகத் தெரியும். சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டு கழித்து, உண்மையிலேயே அடைபட்டதா என்று சொல்லும் கடைசித் தீர்ப்பும் அதுதான். அந்த ஆஞ்சியோகிராம் இல்லாமல் கதிருக்கு நாள் குறிப்பது, நிலத்தைப் பார்க்காமல் பத்திரம் எழுதுவது.

உடையார்பாளையத்திலிருந்து தரமணி ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீட்டர். கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி அறுபது கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கிறது. திருச்சியும் எட்டாத தூரமல்ல. அரியலூருக்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உதவுகிறது. நாம் கூட்டம் போட்டுக் கேட்க வேண்டியது இவற்றை ஒட்டித்தான்: முதல் வலிப்பு வந்த இளைஞனைச் சாமியாடியிடமோ மந்திரிக்கவோ கூட்டிப்போகாமல் அன்றே சி.டி. எடுக்க அரியலூரில் வழி, ரத்தக்கசிவு என்று தெரிந்த மணி நேரத்துக்குள் தஞ்சைக்கோ திருச்சிக்கோ கொண்டுசேர்க்கும் ஏற்பாடு, டி.எஸ்.ஏ.வும் அதைப் படிக்கத் தெரிந்தவரும். மூன்று ஆண்டு தவறாமல் கிடைக்கும் வலிப்பு மாத்திரை. அப்புறம் அந்தக் கடைசி ஆஞ்சியோகிராமுக்கு நோயாளியை நினைவூட்டி அழைக்கும் ஒரு பதிவேடு. இதில் எதுவும் செய்தித்தாளில் படம் போடும்படி மின்னாது. கசிந்தவர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கதிர்தான் சரியான வழி என்று முடிவானாலும் புரோட்டான் ஒன்றே வாசல் அல்ல: தில்லி எய்ம்ஸில் காமா நைஃப் 1997-இலேயே வந்தது, சென்னையில் சைபர் நைஃப் 2009 முதல் இருக்கிறது, லீனியர் ஆக்சிலரேட்டர் கொண்டு இதே வேலையைச் செய்யும் இடங்களும் உண்டு.

வீட்டில் ஒருவருக்கு இந்த அறிக்கை வந்திருந்தால், எந்த மருத்துவமனையானாலும் முதலில் கேட்க வேண்டியவை இவை: முடிச்சு எத்தனை சென்டிமீட்டர்? எந்த இடம்? சிரை மேலே வடிகிறதா, ஆழத்தில் வடிகிறதா? ஏற்கனவே கசிந்திருக்கிறதா? இவற்றுக்குப் பதில் வந்த பிறகு, அறுவை, பசை, கதிர், காத்திருத்தல் என்ற நான்கில் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், மற்ற மூன்றை ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். அதற்கான பதிலை டி.எஸ்.ஏ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் மருத்துவரைக் காணும்வரை, எவ்வளவு பெரிய மெஷின் இருந்தாலும் முன்பணம் கட்டாதீர்கள்.